ஓடாத டயர்கள்

வருசத்துக்கு வண்டி எவ்வளவு ஓடுமுங்க சார் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், கமால் பாய் என் ஆல்டோவின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். டயர் வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும். கொஞ்சம் ஓடுகிற வண்டிக்கு ஒரு டயர், நிறைய ஓடுகிற வண்டிக்கு வேறு டயர். போன வருடம் எவ்வளவு ஓடியது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்வேன், போர்டிகோவிலிருந்து கேட் வரைக்கும் கொண்டுவருவேன், திரும்பப் பின்னால் எடுத்துப்போய் அதே இடத்தில் நிறுத்துவேன், பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. அதைக்கூட ஓட்டம் என்று சொல்வதானால் சொல்லலாம். ஆனால் வரப்போகிற வருடம் எவ்வளவு ஓடும் என்பது நாளைக்கு, சனிக்கிழமை, வால்பாறையில் ஜெபக்கனி தன் சாமான்களை இந்த வண்டியில் ஏற்றிவிட்டு எங்கே போகச் சொல்லப்போகிறாள் என்பதைப் பொறுத்தது. பொள்ளாச்சி ரயில்வே ஸ்டேஷனுக்கு என்றால் இந்த ஒரு நடைதான், அதோடு வண்டி மறுபடியும் போர்டிகோவில் நிற்கும். என் வீட்டுக்கு என்றால் அதற்குப் பிறகு எத்தனையோ இடம், எத்தனையோ தூரம். இதை ஒரு டயர் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது. "பார்க்கலாங்க," என்றேன். கடை வாசலில் அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டாக்ஸி டிரைவர் ஒருவர் சிரித்தார். தன் வண்டியின் சக்கரத்தைப் பஞ்சர் பார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர், பெயர் திருமூர்த்தி என்று பாய் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது. "ஏம் பாய், 'பார்க்கலாம்'னு புதுசா ஒரு கம்பெனி டயரு வந்திருக்குதா? எனக்கும் ரெண்டு எடுத்து வையுங்க," என்றார். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுவது எனக்கு நன்றாக வரும். பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தான் வராது.

கமால் பாய் கட்டைவிரல் நகத்தை டயரின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினார். நகம் இறங்கியது. மயிரிழை மயிரிழையாகக் கோடுகள், பழைய பீங்கான் கோப்பையின் அடியில் ஓடுகிற மாதிரி, ரப்பர் முழுக்க. நான் இத்தனை நாளும் அவற்றைப் பார்க்கவில்லை, பார்த்தது மேலே தரையில் படுகிற பட்டனை மட்டும்தான், அது நன்றாக இருந்ததால் டயர் நன்றாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். "பட்டன் பூராவும் அப்படியே இருக்குதுங்க சார். போட்டு எத்தன வருசம் ஆச்சு பாருங்க, தேயவே இல்ல. ஆனா ரப்பர் செத்துப்போச்சு. ஓடித் தேஞ்சிருந்தா அது ஒரு கணக்குங்க. இது நின்ன எடத்துலயே போயிருக்குது," என்றார். இதில் மலை ஏற முடியாதா என்று கேட்டேன். "ஏறீருவீங்க. அத்தன வளைவுல பிரேக் புடிச்சுப் புடிச்சு எறங்கையில சூடாகி எங்கியாவது பிச்சுக்கிச்சுன்னா? தனியாப் போறீங்களா, ஆள் இருக்குதுங்களா கூட?" ஏறும்போது தனியாக, இறங்கும்போது ஆள் இருக்கும் என்றேன். இதைச் சொல்லும்போது முகத்தில் ஏதோ தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் முகம் எதையும் காட்டாது என்று நினைத்துக்கொள்கிறோம், காட்டத்தான் செய்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. இந்த டயர்களை வாங்கியபோது என் மனைவி சாந்தாமணி இருந்தாள். இதே கடை. அப்போது இவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை, இறங்கி வந்து ஒவ்வொரு டயராகக் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி விரலால் அழுத்திப் பார்த்தாள். விலை குறைந்த பழைய டயர் போதும் என்றுதான் நான் சொன்னேன். வாங்குனா ஒரேடியா நல்லதா வாங்கோணுங்க, நம்ம கவின்மதி கல்யாணம் முடிஞ்சிருச்சு, இனி நாம ரெண்டு பேரும் ஊர் சுத்தறதுதானே வேலை என்றாள். முதலில் ராமேஸ்வரம் என்று முடிவாகியிருந்தது. அடுத்த பொங்கல் வருவதற்குள் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. இந்த டயர்கள் ஓடியதெல்லாம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும், அதுவும் ஒரு வருடத்துக்கு. அப்புறம் அதற்கும் தேவை இல்லாமல் போயிற்று. தேயாமல் இருக்கிற இந்த ரப்பர்தான் நாங்கள் போகாத ராமேஸ்வரம். பாய் நகத்தால் அழுத்திக்கொண்டிருப்பது அதைத்தான். புதுசு வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன், தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்துப் பதில் எழுதுகிறவன், டயர் வாங்கியதால் கட்டி வரும் என்று நான் நம்பினால் யாராவது சிரிப்பார்கள். நம்பவில்லை. நம்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாய் என்னை உள்ளே கூட்டிப்போனார். இடது பக்கம் புதுசு, காகிதம் சுற்றி, ரப்பர் வாசனை கண்ணைக் கரிக்கிற அளவுக்கு. வலது பக்கம் பழசு, மேலே கறுப்புப் பாலிஷ் பூசி, பார்க்கப்போனால் புதுசைவிடப் பளபளப்பாக. ஜெபக்கனி வேலை பார்த்த வால்பாறை ஆஸ்பத்திரியில் இந்த வாசனை கிடையாது. டெட்டாலும், ஈரமும், பக்கத்துத் தொழிற்சாலையில் தேயிலை வறுபடுகிற வாசனையும் சேர்ந்து வரும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். ஒரு மழைக்காலத்தில் தொழிலாளர் லைன் வீடுகளில் மஞ்சள்காமாலை பரவியபோது சோதனைக்குத் தண்ணீர் எடுக்க எங்கள் ஆபீஸ் ஜீப்பில் என்னை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போய் வருவது என்று ஆயிற்று. எந்தத் தொட்டி, எந்தக் குழாய் என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி ஒட்ட வேண்டும், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இத நாளைக்கு நீங்களே வாசிக்க மாட்டீங்க, கொண்டாங்க," என்று வாங்கி அவளே எழுதினாள். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் அவள்தான் எழுதுவாள். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். டிரைவர் கீழே கேன்டீனில் இருப்பான். டீ வரும், அவள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பலகாரம் வரும், மழை பெய்யும், பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை, அவளுடைய அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனது, அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் என்ற பேச்சு தள்ளித் தள்ளிப் போனது, கடைசியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தது, திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் இருக்கிற தம்பி, சாந்தாமணி கடைசி மாதத்தில் தயிர்சாதம் மட்டும் கேட்டது. வாயால் நான் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் போனில் நீங்க, வாங்க, போங்கதான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மனதுக்குள் மட்டும் எப்போது 'அவள்' ஆனாள் என்று தெரியவில்லை. போன வருடம் ஜீப்பை எடுத்துவிட்டார்கள், தண்ணீர் இப்போது தனியார் ஆள் மூலமாக வருகிறது, பாட்டிலில் கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டு. அன்றைக்கு அந்த முதல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் இருக்கிறது, மணிக்கு ஒன்று, ஏறி உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். போகவில்லை. ஜீப்பில் போனபோது தண்ணீர் ஒரு காரணம். பஸ்ஸில் போனால் நான்தான் காரணம்.

"இந்த ரெண்டும் பாருங்க சார், டாக்டர் வண்டி டயரு," என்று கமால் பாய் பழசிலிருந்து இரண்டை உருட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். "பெரிய வீல் மாத்தோணும்னு கழட்டிட்டாருங்க. வீட்டுல இருந்து கிளினிக், கிளினிக்குல இருந்து வீடு, அவ்வளவுதான் ஓடியிருக்குது. புதுசுல பாதி விலை." வாசலிலிருந்து திருமூர்த்தி குரல் கொடுத்தார், "சார், பொள்ளாச்சில விக்கிற பழைய டயரு அத்தனையும் டாக்டர் வண்டி டயருதானுங்க. அத்தன டாக்டர் இருந்திருந்தா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தலவலி வராது." பாய் திரும்பிப் பார்க்காமலே, "உனக்கு நான் குடுத்தது வக்கீல் வண்டி டயருப்பா, அதான் சும்மா இருக்க மாட்டீங்குது," என்றார். "உள்ளார கைய உட்டுப் பாருங்க சார், வெளிய பாலிஷ் யாரு வேணா போடலாம்," என்றார் திருமூர்த்தி, டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தே விட்டார். நான் கையை விட்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, மாவு மாதிரி ரப்பர் தூள், விரல் நகர்ந்துகொண்டே போய் ஒரு மேட்டில் தட்டுப்பட்டது. பேட்ச். எங்கேயோ ஆணி ஏறி யாரோ ஒட்டியது. பாய், "அது சின்னதுங்க, ஒண்ணும் பண்ணாது," என்றார், திருமூர்த்தி, "ஒண்ணும் பண்ணாது, அது சொல்லீட்டா வந்து பண்ணும்?" என்றார். நான் கையை எடுக்காமல் அந்த மேட்டின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்றால் நம்புவார்களா. ஓடின டயர். ஆணி ஏறும் அளவுக்கு எங்கெங்கோ போன டயர். போர்டிகோவில் நின்று செத்த என் டயரை விட இதற்கு ஊர் தெரியும். பழசுக்குப் பழசு, யார் யாருக்கோ ஓடியது இனி எனக்கும் கொஞ்சம் ஓடும், அதற்குமேல் அதனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அதுவும் கேட்பதில்லை. நாளைக்கு ஒரு நடைக்கு இது போதும். மேலே போய், சாமானை ஏற்றி, பேசாமல் இறங்கி, ஆழியாறு தாண்டி, ஆனைமலை தாண்டி, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, அவளுடைய பெட்டியைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்து, தெற்கே போகிற வண்டி வரும்வரை அது இது என்று பேசி, போய்ட்டு போன் பண்ணுங்க மேடம் என்று கை காட்டி. அதற்கு டாக்டர் வண்டி டயர் தாராளம். இப்படி நினைத்ததும் ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, பல்லைப் பிடுங்கியாயிற்று என்பது போல. அடுத்த கணமே அந்தப் பிளாட்பாரத்தில் ரயில் போனபிறகு நான் என்ன செய்வேன் என்று தோன்றியது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டுமே. பின்சீட்டில் டெட்டால் வாசனையோ தேயிலை வாசனையோ ஏதாவது இருக்குமே.

அவள் சரியாக என்ன சொன்னாள் என்று மறுபடியும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு என்பது முன்னாலேயே தெரியும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதும் தெரியும். போன வாரம் போனில், "சனிக்கிழம சாவிய ஒப்படைக்கணும். சாமான் அதிகமில்ல. ரெண்டு பெட்டி, தையல் மிஷினு, அம்மா கட்டிலு வேண்டாம்னு குடுத்திட்டேன். உங்க வண்டி வருமா?" என்றாள். வரும் என்றேன். அவ்வளவுதான். எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது மரியாதை என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வாங்க என்று சொல்ல வாய் வந்தது, வந்து, எந்த முறையில் வரச் சொல்வது என்று நின்றது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்க என்றால் அது விருந்தாளி. வந்து இருங்க என்றால் அது வேறு. அந்த வேறுக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் வைப்பார்கள், தாராபுரத்திலிருந்து தினமும் காலையில் சாப்டீங்களாப்பா என்று போனில் கேட்கிற மகள் கவின்மதி என்ன பெயர் வைப்பாள் என்று தெரியாது, அவளிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. பெயர் வைக்கிறதுக்கு முன்னால் ரிஜிஸ்தர் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் யோசித்தேன், மாலை போட்டுக்கொண்டு நிற்கிற வயதா என்று தோன்றியது, பின்னே எந்த வயதில் நிற்பது என்றும் தோன்றியது. தையல் மிஷின் என்றாளே. ஒரேயடியாகத் தம்பி வீட்டுக்குப் போகிறவள் தையல் மிஷினை ரயிலில் ஏற்றுவாளா? லாரி சர்வீஸில் அல்லவா போடுவாள்? கட்டிலைக் கொடுத்துவிட்டேன் என்றாளே, போகிற இடத்தில் கட்டில் இருக்கிறது என்று தெரிந்துதானே கொடுத்திருப்பாள், அது தம்பி வீட்டுக் கட்டிலா என் வீட்டுக் கட்டிலா? என் வீட்டுக் கட்டிலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஒருமுறை சொல்லியிருக்கிறேன், கீழறையில் இரண்டு கட்டில், ஒன்றில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறேன் என்று. அவள் சிரித்தாள். துணியை மடிச்சு வைக்கக் கூடாதா என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியெல்லாம் மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? எதற்கும் இருக்கட்டும் என்று. இந்த 'எதற்கும் இருக்கட்டும்' என்பதிலேயே என் காலம் போய்விட்டது.

"சார், ஒண்ணு பண்ணலாமுங்க," என்றார் கமால் பாய். அவருக்கு என்னுடைய முழிப்பு காசுக்கணக்கு என்று பட்டிருக்க வேண்டும். "ரெண்டு புதுசு, ரெண்டு பழசு. கையையும் கடிக்காது." திருமூர்த்தி உடனே, "புதுசு ரெண்டும் முன்னாலதானே? ஸ்டீரிங் அங்கதான இருக்குது," என்றார். "மலைக்குப் போற வண்டிக்குப் பின்னாலப்பா. சாமான் பாரம் பின்னால. மழைல வளைவுல பின்பக்கம் வழுக்குச்சுன்னா யாரு புடிக்கிறது?" "நான் தெனம் வால்பாறை போறவன் பாய், எனக்கே சொல்றீங்களா?" "தெனம் போறே, ரெண்டு நாளைக்கு ஒருக்கா எங்கிட்ட வர்றே. நான் ஏதாச்சும் சொல்றனா?" அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, பாதி புதுசு பாதி பழசு என்பதை நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு மிகவும் பொருத்தமான யோசனை. பாதி நம்பிக்கை. ஸ்டேஷனுக்கும் ஆயிற்று, வீட்டுக்கும் ஆயிற்று. சாந்தாமணி இருந்திருந்தால் திட்டியிருப்பாள். சாந்தாமணி இருந்திருந்தால் நான் இங்கே நிற்கவே மாட்டேனே, இதென்ன யோசனை, ஆனாலும் அவள்தான் திட்டுகிறாள், ஒரேடியா நல்லதா வாங்கோணுங்க என்று, விரலால் அழுத்திக்கொண்டே. அவளுக்கு இது தெரிந்தால் வருத்தப்படுவாளா என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன், அவள் எந்தப் பதிலும் சொன்னதில்லை, டயர் விஷயத்தில் மட்டும்தான் பேசுகிறாள். பாய் மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே ரசீதுகளுக்குப் பக்கத்தில் நாலைந்து எலுமிச்சம்பழம். புது டயர் மாட்டுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுப் போக அவரே வாங்கி வைத்திருக்கிறார், வாரச்சந்தையில் வாங்குவாராம். "ரெண்டு புதுசுன்னா ரெண்டு பழம். பழசுக்குப் பழம் இல்லீங்க, அதுக்கு மொதல் ஓனர் வெச்சிருப்பாரு," என்றார், சிரிக்காமல். நிஜமாகவே அது அவருடைய கடை வழக்கம் போலிருந்தது. பழசுக்கு ஏற்கெனவே ஒருமுறை வைத்தாயிற்று. ஒருமுறைதான். எனக்கு என்னவோ அது நியாயமில்லை என்று பட்டது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஒருமுறைதான் என்று. பழசாக இருந்தாலும் வேறு வண்டி, வேறு பாதை, வேறு ஆள் கூட உட்கார்ந்து வருகிறார், அதற்கு ஒரு பழம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டேவிட்டேன், பழசுக்கும் வைத்தால் என்னங்க என்று. பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வையுங்க, அதுக்கென்ன. யாரும் கேட்டதில்லீங்க சார், அதான்," என்றார்.

யாரும் கேட்டதில்லை. நான் கடைக்கு வெளியே வந்தேன். உச்சி வெயில், உடுமலை ரோட்டில் தேங்காய் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஆல்டோவின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டிருந்தார்கள், சக்கரம் தரையைத் தொடாமல் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போனை எடுத்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று ஒத்திகை பார்த்தேன், முதலில் சாமான் எவ்வளவு என்று கேட்பது, அப்படியே தையல் மிஷின் பின்சீட்டில் வைத்தால் ஆள் எங்கே உட்காருவது என்று போவது, அங்கிருந்து மெதுவாக. மலையில் பாதி நேரம் சிக்னல் இருக்காது. இருக்கக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம், அவளேதான். "சொல்லுங்க." "டயர் கடையில நிக்கிறேன்," என்றேன். "இன்னுமா? காலைல போறேன்னீங்க?" "இல்ல, பழசு போடறதா புதுசு போடறதான்னு…" "அதுக்கு எனக்கா போன் போடுதீக? மாத்திரையப் பத்திக் கேளுங்க சொல்லுதேன்." டேப் மறுபடியும் கிழிந்தது. ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் இல்லை. "உங்கள எங்க கொண்டாந்து எறக்கோணும்னு தெரிஞ்சா," என்றேன், "அதுக்குத் தகுந்த மாதிரி டயர் போடலாம்னு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. டேப் சத்தம் நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், போகவில்லை. "தம்பி டிக்கெட் போடவா, டிக்கெட் போடவான்னு தெனம் கேக்கான்," என்றாள், குரல் இறங்கியிருந்தது. "நாளைக்குச் சொல்லுதேன், நாளைக்குச் சொல்லுதேன்னு நானும் தள்ளிக்கிட்டே இருக்கேன். கேக்க வேண்டிய மனுசன்தான கேக்கணும். வண்டி வருமான்னு கேட்டேன், வரும்னீங்க. எங்க போணும்னு கேப்பீகன்னு பாத்தேன். இப்பம் வந்து டயருக்குத் தகுந்த மாதிரிங்கீக."

வீட்டுக்கு என்றேன். சொன்ன அதே நொடியில் பின்னால் காற்று அடிக்கிற கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது, தகரக்கூரை முழுக்க அதிர்கிற சத்தம், போனில் அவள் ஏதாவது பேசினாளா என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்குக் கேட்டிருக்காது. இவ்வளவு வருடம் வாயில் வைத்திருந்த ஒரு சொல்லை ஒரு கம்ப்ரசர் தின்றுவிட்டது. விட்டுவிடலாம், நாளைக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் தோன்றியது, எனக்கு அப்படித்தானே தோன்றும், அப்புறம் அந்தப் பிளாட்பாரம் கண்ணுக்கு வந்தது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, "வீட்டுக்கு! நம்ம வீட்டுக்கு வாங்க! வந்து இருங்க!" என்று கத்தினேன். நடுவில் கம்ப்ரசர் தானாகவே நின்றுவிட்டது. கடைசி இரண்டு சொல்லும் வெறும் நிசப்தத்தில் போய் விழுந்தன. கண்ணைத் திறந்தபோது ஜாக்கிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், ரோட்டில் நின்றிருந்த ஒரு ஸ்கூட்டர்காரர், எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தி வாயைத் திறந்தார், என்ன சொல்ல வந்தாரோ, பாய் அவர் தோளில் கை வைத்ததும் மூடிக்கொண்டார். காது இரண்டும் எரிந்தன. போனில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கமால் பாய் வாசலில் நின்று, பேச்சைக் கெடுக்காமல், புருவத்தை உயர்த்திக் கையால் கேட்டார், எதை மாட்டட்டும் என்று. நான் இடது பக்கத்தைக் காட்டினேன், காகிதம் சுற்றினதை, நான்கு விரலை விரித்து. பாய் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நாளைக்கு அவள் ஸ்டேஷனுக்கு என்று சொன்னாலும் அந்த நான்கும் ஸ்டேஷன் வரைக்கும் போகட்டும். "கேட்டுச்சுங்களா?" என்றேன், தணிந்த குரலில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு. சத்தத்துல ஒண்ணும் கேட்டிருக்காது, அதான் கத்த வேண்டியதாப் போச்சு என்றேன்.

"மொதல்ல சொன்னதே கேட்டுச்சு," என்றாள் ஜெபக்கனி. மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு தரம் சொல்லுங்க. கத்தாம."